வெள்ளைத் தண்ணீர்

செம்பருத்தியின் குருத்து சுருண்டு, கணுக்களில் பஞ்சு அப்பியது போல் வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையைப் பிசுபிசுத்த துளியாகக் கழிக்கும். அந்தத் துளிக்கு எறும்பு வரும்; துளி விழுந்த இலையில் கரும்பூசணம் படரும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில், லயத்து வாசலில் பால்மாவு டின்களில் செடி வளர்த்தவர்கள் இதற்கு ஒரு கைமருந்து வைத்திருந்தார்கள். அது ஊரிலிருந்து கப்பலேறி வந்த புகையிலைத் தண்ணீர் வைத்தியம் என்பது எங்கள் குடும்பக் கதை. கதையில் நிறம்தான் இடித்தது. புகையிலையை ஊறவைத்தால் பழுப்பு நீர் வரும். பாட்டி தெளித்ததோ வெள்ளைத் தண்ணீர் என்று அம்மா சாதிப்பார்.

புகையிலை நீர் வேலை செய்யாததல்ல. அதிலுள்ள நிகோட்டின் பூச்சியின் நரம்பைத் தாக்கும். உடல் மென்மையான அசுவினிக்கு எமன். மாவுப்பூச்சியை அதன் மெழுகுப் போர்வை ஓரளவு காப்பாற்றிவிடும். மனிதத் தோல் வழியாகவும் நிகோட்டின் உள்ளே போகும் என்பதால் இன்று அதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. புகையிலையில் இருக்கும் தேமல் நச்சுயிரி மிளகாய், தக்காளிச் செடிகளுக்குத் தொற்றவும் கூடும்.

வெள்ளை நிறத்துக்கு அடுத்த சந்தேகம் மண்ணெண்ணெய். சோப்புக் கரைசலில் மண்ணெண்ணெயை ஊற்றி விடாமல் அடித்தால் பால் போன்ற குழம்பு கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பழத்தோட்டங்களில் செதில் பூச்சிக்கு அதைத்தான் தெளித்தார்கள். லயத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் இருந்தது, துணிக்குக் கட்டிச் சோப்பு இருந்தது. துரைமாரிடமிருந்து தொழிலாளர் கைக்கு வந்த வித்தை என்று எழுதி முடித்துவிடலாம் போலிருந்தது. அழகான விளக்கம், ஆனால் வாடை இல்லை. மண்ணெண்ணெய் நாற்றம் துளியும் நினைவில்லை என்றார் அம்மா. சிம்னி விளக்கடியில் படித்தவருக்கு அந்த வாடை மறந்திருக்காது.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர், மருந்தைப் பற்றிக் கேட்டால் வாய் திறப்பதாயில்லை. “என்ன பூச்சின்னு பாக்காம மருந்த கேக்குறியே தம்பி. மொதல்ல எலையத் திருப்பு.” தேடல் அங்கே திசைமாறி, சில நாட்களுக்குப் பாடமாகிவிட்டது. எறும்பு தண்டில் ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ செதிலோ இருக்கும். தண்டில் பழுப்புப் புள்ளியாக ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருவது செதில் பூச்சி. இலையை வெள்ளைத் தாள்மேல் தட்டி, விழுந்த தூசி ஊர்ந்தால் அது செஞ்சிலந்திப் பேன். அது பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. வறண்ட நாளில் பெருகும், இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். செடியை அசைத்ததும் குபீரென்று பறப்பது வெள்ளை ஈ.

பாடம் முடிந்தபின், கேட்காமலேயே அவர் சொன்னார்: “அந்தத் தண்ணிய மட்டும் வாய்க்கால்ல ஊத்த விடமாட்டாங்க. மீனு மெதக்கும்.”

வெள்ளை நீர், செத்து மிதக்கும் மீன். இரண்டும் சேர்ந்தால் தூபா வேர்தான். மலாய்த் தீபகற்பத்துக் காட்டுக்கொடியான டெரிஸ் எலிப்டிகாவின் வேரை நசுக்கினால் பால் வடியும். மலாய்க் கம்பத்தார், அதாவது கிராமத்தார், அதை ஆற்றில் கலந்து மீன் பிடித்தவர்கள். சாதிக்காய் மரத்துப் பூச்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று சிங்கப்பூரில் மருத்துவர் ஆக்ஸ்லி 1848லேயே எழுதினார். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அதைத் தெளித்துவந்தார்கள். 1902இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் கசுவோ அதன் நஞ்சைப் பிரித்து ரோட்டினோன் என்று பெயரிட்டார். 1930களில் மலாயா அந்த வேரை ஏற்றுமதி செய்தது. ஆக, எங்கள் வீட்டு ‘ஊர் வைத்தியம்’ பெரும்பாலும் பக்கத்துக் கம்பத்திலிருந்தோ சீனரின் காய்கறிப் பாத்தியிலிருந்தோ வந்திருக்க வேண்டும். எனக்கு இதில் வருத்தமில்லை, மகிழ்ச்சிதான்.

ரோட்டினோன் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை முடக்கும். வெயிலில் சில நாட்களில் சிதைந்துவிடும் என்பதாலும் வேரிலிருந்து வருவதாலும் தீங்கற்றதென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் அதற்கு அனுமதி மறுத்தது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அதையோ பாராகுவாட் களைக்கொல்லியையோ கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தோட்டத்துப் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த அதே பாராகுவாட். மலேசியா அதை 2020இல்தான் முழுமையாகத் தடைசெய்தது.

தொட்டிச் செடிக்கு இவை எதுவும் தேவையில்லை. புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்தால் போதும், பாதித் தொல்லை வீட்டுக்குள் வராது. மாவுப்பூச்சியையும் செதிலையும் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு கலந்து, மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். முதலில் ஓர் இலையில் சோதிப்பது நல்லது. சோப்பு முட்டையைக் கொல்லாது. ஆகவே வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். எறும்பை விரட்டாவிட்டால் எல்லாம் வீண், ஏனெனில் மாவுப்பூச்சியைத் தின்னவரும் பொறிவண்டை அது அண்டவிடாது. தொட்டியைக் கவிழ்க்கும்போது வேரிலும் வெள்ளை மாவு தெரிந்தால், மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவிப் புது மண்ணில் நட வேண்டும். டின்னையும் கொதிநீரால் கழுவிய பிறகே மறுபடி எடுக்கலாம்.