ஏலத்தோட்ட ஜீப்பும் என் அவரைப் பந்தலும்

பொட்டிப்புரம்,
ஆனி மாதக் கடைசி.

அன்புள்ள தோழிக்கு,

உன் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. "ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனவ நாலு கோயில் குளம்னு போவேன்னு பார்த்தா, மம்பட்டியைத் தூக்கிட்டு அலையுறியாமே! மண்ணு, வேர்வை, பூச்சி... இதுல என்னடி சுகம்?" என்று கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் மதினி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் உன் கட்சி. அதனால்தான் இந்தக் கடிதம். ஊர்ப்புறணி கொஞ்சம் கலந்திருக்கும். ஸ்டாஃப் ரூமில் அதற்காகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவள் நீ, கோபித்துக்கொள்ள மாட்டாய்.

பொட்டிப்புரம் என்றாலே உங்கள் பக்கத்தில் நியூட்ரினோவைப் பற்றித்தான் கேட்கிறார்களாம். அம்பரப்பர் மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பில் நியூட்ரினோவை ஆராய ஒரு கருவி வைக்கத் திட்டம் போட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் கொடுத்தது. ஊர் எதிர்த்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று ஏறியது. 2022-இல் தமிழக அரசே இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்தபடி என் கொல்லையும் இருக்கிறது. சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோ துகள், நம் விரல் நகம் அளவு இடத்தை நொடிக்கு 6,500 கோடி என்ற கணக்கில் துளைத்துக்கொண்டு போகிறதாம். என் கொல்லைக்கு வந்து என்னைக் கடிக்காமல் போகிற ஒரே ஆசாமி அதுதான்.

மற்றதெல்லாம் கடிக்கும். பாத்தி ஓரத்தில் சுள்ளெறும்பு, வாய்க்கால் ஈரத்தில் கொசு, முருங்கையில் கம்பளிப்பூச்சி. முருங்கை நம்ம பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 ரகம். காய் கை நீளத்துக்கு மேலே தொங்கும். மழை பெய்து விட்டதும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி சேலை சுற்றினாற்போல் அப்பிக்கொள்ளும். மயில் வேறு. தக்காளி நாற்றைக் கொத்திவிட்டுச் சுவரில் ஏறி நின்று ஒரு பார்வை பார்க்கும். கல்லெடுத்தால், "முருகன் வாகனத்தை அடிக்கிறியா?" என்று அடுத்த வீட்டுச் சின்னம்மா சத்தம் போடுவார். முருகன் ஒரு நாளாவது தக்காளிக் குழம்பு கேட்டு வந்திருந்தால் நியாயத்தைச் சொல்லியிருப்பேன்.

பூச்சிக்கு இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பெரிதாக மிரள்வதில்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டாய். 144 போட்டார்கள், கடைத்தெரு அடைத்துக் கிடந்தது, அரிசிக்கு ஆசைப்படுகிற யானை என்று தெரிந்து ரேஷன் கடைக்காரர்களுக்குத்தான் முதலில் தூக்கம் போனது. ஜூன் 5-ஆம் தேதி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. யானையைச் சமாளித்த ஊர் அசுவினிக்கா பயப்படும்?

இப்போது புறணிக்கு வருகிறேன். சின்னமனூரில் ஒரு கல்யாணம். பட்டுச்சேலை, வளையல் எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண் என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் செம்மண் கொஞ்சம் நின்றுவிடுகிறது. "கல்யாணத்துக்காவது ஒரு தடவை பார்லர் போயிருக்கக் கூடாதா பெரியம்மா?" என்றாள். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த கிழவி மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பி, காய்ப்பு ஏறின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னாத்தா போட்டிருக்க?" என்று கேட்டார். அப்புறம் பாயசம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவர் வீட்டுக் குண்டுச் சுரைக்காய் விதையும் என் கொடி அவரை விதையும் கைமாறுவதாக அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. "காசு வாங்குனா கொடி நிக்காது" என்று கண்டிஷன் வேறு போட்டார். ஒரு மாதம் கழித்து மினி பஸ் கண்டக்டர் கையில் விதை வந்து சேர்ந்தது, பழைய வேட்டித் துணியில் முடிச்சுப் போட்டு.

மதினியின் வாதம் வேறு. அவர்களுக்கு எல்லாமே கணக்கு. "இம்புட்டுப் பாடுபட்டு நாலு கத்தரிக்காயா? கம்பம் உழவர் சந்தையில போனா பை நிறைய அள்ளிட்டு வரலாமே" என்பார்கள். கணக்கில் அவர்களை யாரும் ஜெயிக்க முடியாது. குப்பை உரம், மோட்டார் கரண்ட், என் கூலி எல்லாம் சேர்த்தால் என் கத்தரிக்காய் தங்கத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இங்கே மண் என்றாலே எல்லாருக்கும் கணக்குத்தான். திராட்சை போட்டவர் வியாபாரி முகத்தைப் பார்க்கிறார். தக்காளி போட்டவர் விலை விழுந்தால் பறிகூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று செடியோடு மாட்டை விடுகிறார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பொம்பளை லாபம் பார்க்காமல் மண்ணைக் கொத்தினால் மதினி மாதிரி ஆட்களுக்குத் தலை சுற்றத்தான் செய்யும்.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது மதினியிடம் இல்லை, எங்கள் தெருக்கோடி வீட்டில். இங்கே கோழி கூப்பிடுவதற்கு முன்பே ஏலத்தோட்ட ஜீப் வந்துவிடும். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போவார்கள். களை எடுப்பு, காய் எடுப்பு என்று பகல் முழுக்கச் செடிக்குள்ளேயே குனிந்த வேலை. நீ சொன்ன மண், வேர்வை, பூச்சி மூன்றும் அங்கே இருக்கிறது, கூடவே அட்டையும் கடிக்கும். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். அதில் ஒருத்தி, இறங்கியதும் தூக்குவாளியை வைத்துவிட்டு நேரே வாசலில் இருக்கும் பெயிண்ட் டப்பாக்களிடம்தான் போவாள். கனகாம்பரம் ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பச்சை மிளகாய் ஒன்று. அரிசி கழுவிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றி, மிளகாய்ச் செடியின் இலையைத் திருப்பிப் பார்ப்பாள். "பகலெல்லாம் செடிக்குள்ள நின்னுட்டு வந்து, மறுபடியும் செடியா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது மொதலாளி செடிக்கா. இது என் செடி" என்றாள்.

இதற்குமேல் நான் என்ன விளக்க? மண்ணும் ஒன்றுதான், வேர்வையும் ஒன்றுதான். யார் சொல்லிக் குனிகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதை நடுவது, எப்போது பறிப்பது, எந்தச் செடியைப் பூச்சிக்கு விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் கொல்லையில் என் இஷ்டம். மணிக்கும் சுற்றறிக்கைக்கும் பயந்து ஓடின உனக்கும் எனக்கும் இதன் ருசி தெரியாமல் போகுமா? பென்ஷன் வாங்குகிறவள் பேசுகிற பேச்சு என்று நீ சொல்வாய். இருக்கட்டும். டப்பாவில் கனகாம்பரம் வைத்திருப்பவளுக்குப் பென்ஷன் இல்லையே.

பூச்சி விஷயத்திலும் இதே கதைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் கொத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் விலை குறையும். அந்தப் பயத்திலேயே மருந்து ஸ்பிரேயர் முதுகை விட்டு இறங்காது. என் கீரையில் ஓட்டை விழுந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சட்டியில் வெந்துவிட்டால் ஓட்டையும் தெரியாது, ஓட்டை போட்டவனும் தெரியாது. அந்தத் தைரியம் வந்த பிறகுதான் பூச்சியை உட்கார்ந்து பார்க்கவே பொறுமை வந்தது.

அவரைக் கொழுந்தில் அசுவினி கறுப்பாக அப்பியிருக்கும். அது விடுகிற இனிப்புத் துளிக்காக எறும்புச் சாரை ஏறி இறங்கும், காவலும் காக்கும். மருந்தைத் தேடாமல் இலையின் அடியைத் திருப்பிப் பார். மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன முட்டைகள் நட்டுக்குத்தாக நிற்கும். அது பொறிவண்டின் முட்டை. அதிலிருந்து வருகிற புழுவைப் பார்த்தால் நீ அலறிவிடுவாய், முள்ளும் புள்ளியுமாக அத்தனை அசிங்கம். நல்லது செய்வதும் அதுதான். கொழுந்தில் ஏறி அசுவினியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். எறும்பு வந்து முட்டினாலும் தலையைத் தூக்காது. நான் அங்கே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கியது கூடத் தெரியாது என்று வீட்டுக்காரர் புகார் சொல்கிறார்.

இதைவிடப் பெரிய கதையும் உண்டு. பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டு மரமே கருகியதே, நினைவிருக்கிறதா? மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. மேலே மெழுகு மூடியிருப்பதால் மருந்து ஒட்டாது. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்னதாக ஒரு குளவியை வரவழைத்தார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வரும். வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தது. சில மாதங்களில் அடங்கிப்போனது அத்தனை ஆட்டமும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி காப்பாற்றிய பப்பாளியைத்தான் நீ டயட் என்று தினமும் நறுக்கித் தின்கிறாய். பூச்சி என்றால் இனிமேல் முகத்தைச் சுளிக்காதே.

வேர்வைக்கு மருந்தைக் காற்றே கொண்டுவந்துவிடுகிறது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் மழை கொட்டுகிற காலம் இது. எங்களுக்கு மிச்சமாக வருவது சாரலும் காற்றும்தான். வெள்ளன எழுந்து ஒரு பாத்தி கொத்தி நிமிர்ந்தால், முதுகில் வழிகிற வேர்வையில் மலைக்காற்று படும். எந்த ஏசியும் அந்த வேலையைச் செய்யாது.

நீ புத்தகப் புழு, உனக்குப் பிடித்த மாதிரியே ஒன்று சொல்கிறேன். 2011-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று. தோட்டம் வைத்திருக்கிற 30 பேரை முதலில் ஒரு தலைவலி பிடித்த வேலையைச் செய்ய வைத்து டென்ஷன் ஆக்கினார்கள். பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும் மீதிப் பேரைப் புத்தகம் படிக்கவும் அனுப்பினார்கள். மன அழுத்தம் காட்டுகிற கார்ட்டிசால் இரண்டு பக்கமும் இறங்கியது, தோட்டக்காரர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. மனசு பழைய தெளிவுக்கு முழுசாகத் திரும்பியதும் அவர்களுக்குத்தான். புத்தகப் புழு மண்புழுவிடம் தோற்ற கதை இது. மண்புழுவும் லேசுப்பட்டதில்லை. டார்வின் 1881-இல், இறப்பதற்கு முந்தின வருஷம், அதைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தொட்டியில் புழுவை வைத்துப் பியானோ வாசித்துப் பார்த்தாராம். சத்தத்துக்கு அது அசையவில்லை, தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துத் தட்டியதும் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடிவிட்டதாம். உலகத்தையே புரட்டிப் போட்ட மனுஷன் கடைசிக் காலத்தில் மண்ணைத்தான் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கேலி செய்கிறாயே!

சரி, ஆடி பிறக்கப் போகிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது ஃபிளாட் பால்கனிக்கும் பொருந்தும். கத்தரி, தக்காளி என்று ஆரம்பத்திலேயே இறங்காதே. இந்தக் கடிதத்தோடு சிறுகீரை விதை மடித்து வைத்திருக்கிறேன். மணலோடு கலந்து தூவி, கைத்தெளிப்பாகத் தண்ணீர் விடு. மூன்று, நான்கு வாரத்தில் பறித்துக் கடையலாம். பூச்சி வந்தால் 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளி. ஆனால் இலையின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் தெளிக்காதே, பொறிவண்டு முட்டை இருந்தால் அதற்கு ஒரு வாரம் வாய்ப்புக் கொடு. கையுறை மட்டும் வாங்காதே. முளைத்ததும் எழுது.

என்றும் உன்,
மண் நகக்காரி