கேரியரில் யாருக்கு இடம்?

காரைக்காலில் எங்கள் வரிச்சிக்குடிப் பக்கம் ஒருவருடைய தொழிலைத் தெரிந்துகொள்ள அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். பால்காரர் என்றால் கேரியரின் இரு பக்கமும் கேன் தொங்கும். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருபவர் என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பு, அதன்மேல் நனைந்த சாக்கு, ஓரத்தில் தராசு. வாழைத்தார் ஏற்றுகிறவர் கேரியரின் குறுக்கே ஒரு பலகையைக் கட்டியிருப்பார். என்ன ஏற்றப் போகிறோம் என்பது இவர்களுக்கெல்லாம் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி வண்டியை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். இந்தத் தெளிவு வீட்டுச் சைக்கிளுக்குத்தான் கிடையாது. இன்றைக்கு இரண்டு தேங்காய், நாளைக்கு இரத்த அழுத்த மாத்திரை, மறுநாள் மில்லுக்கு மிளகாய், அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட பேத்தி.

கூடை இல்லாத வீட்டுச் சைக்கிளில் பை எங்கே போகும்? ஹேண்டில்பாரில் தொங்கும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறோம். வலது பக்கம் காய்கறிப் பை, இடது பக்கம் மளிகைப் பை. ஹேண்டிலைத் திருப்பும்போது பை உள்பக்கம் ஆடி முன்சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டால் சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும், மேலே இருக்கிறவர் நிற்க மாட்டார். இருபது வயதில் விழுந்தால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து சிரிக்கலாம். எழுபதில் இடுப்பெலும்பு அந்த வேடிக்கைக்கு ஒத்துக்கொள்ளாது. கூடை வாங்குவதற்கு எனக்குத் தெரிந்து இந்த ஒரு காரணமே போதும்.

2022 ஜூலை முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை என்று வந்தது. தடைசெய்த மெல்லிய பை இப்போதும் சில கடைகளில் கள்ளத்தனமாகக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வீட்டிலிருந்தே ஏதாவது கொண்டுபோகும் பழக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பெண்கள் கையால் பின்னிய ஒயர் கூடை மறுபடி வெளியே வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் விட முடியாதே. எனவே எங்கள் வீட்டிலும் பேச்சு கேரியர் கூடைக்கு வந்தது.

என் தங்கை மகன் போனில் ஒன்றைக் காட்டினான். கேரியரின் மேலே உட்காரும் கூடை. அகலமும் ஆழமும் பார்த்தால் ஆட்டுக்குட்டி ஒன்று படுத்துத் தூங்கலாம்.

“மாமா, இதுல எல்லாமே வந்துரும்.”

“எல்லாம்னா என்னென்னடா? ஒண்ணொண்ணா சொல்லு.”

அவன் சொல்லத் தொடங்கினான். அரிசி மூட்டையிலிருந்து ஆரம்பித்தான். பெரும்பாலும் எல்லோருமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், வீட்டுக்கு வருவதில் மிகப் பெரியது எதுவோ அதிலிருந்து. எங்கள் புதுச்சேரி மாநிலத்தில் பல ஆண்டுகள் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம்தான் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் கடைகளை மறுபடி திறந்தார்கள். சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ. வெளியில் வாங்கினால் மூட்டை 26 கிலோ. 25 கிலோ வரைக்கும் பேக் செய்த அரிசிக்கு 2022 ஜூலையில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு வரியைத் தாண்டிவிட்டார்கள். நம் ஆட்களின் கணக்கு அப்படி. எப்படியானாலும் மூட்டை வீட்டுக்கு வருவது மாதத்தில் ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்காக மாதம் முழுக்க ஒரு தொட்டியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவதா?

மூட்டைக்குக் கூடை தேவையே இல்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டினால் கயிறு. வெறும் கேரியரில் மூட்டையைக் குறுக்கே போட்டு, அந்த டியூபை இழுத்துக் கட்டினால் கூடையில் இருப்பதைவிட உறுதியாக நிற்கும். ரப்பர் என்பதால் சாக்கு அமுங்கினாலும் கட்டு தளராது. கூடை வேண்டியிருப்பது சில்லறைச் சாமானுக்குத்தான், கட்ட முடியாததற்கு, உருண்டு ஓடுவதற்கு: தேங்காய், வெங்காயம், சோப்பு, அரை லிட்டர் எண்ணெய், செய்தித்தாளில் மடித்த கறிவேப்பிலை.

பெரிய நாளைக் கணக்கில் வைத்து வாங்குவது நம்மிடம் ஊறிப்போன குணம். கல்யாணத்துக்கு ஒருநாள் விருந்தாளி வருவார் என்று அடுக்கடுக்காய்ப் பாத்திரம், தீபாவளிக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று வீடு நிறையக் கட்டில். அந்த நாள் வந்து போய்விடும், மற்ற நாளெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டிருப்போம். பெரிய கூடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. காலியாக இருந்தால் கை பரபரக்கும். காரைக்கால் நேரு மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போன ஆள், இடம் இருக்கிறதே என்று பூசணியையும் ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் பூசணியை யார் தின்பது?

முன்னால் கூடை வைத்தால் என்ன என்று கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள்களில் முன்பக்கம் ஒரு கம்பிக்கூடை பார்த்திருப்பீர்கள். இரண்டு நோட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைக்க அது நல்லதுதான், கண் முன்னாலேயே இருக்கும். ஆனால் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிற கூடை அது. ஐந்தாறு கிலோ ஏற்றினால் திருப்பும் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாலும் ஹேண்டில் தானாகத் திரும்பும். பாரம் தாங்கப் பிறந்தது பின்சக்கரம். பழைய கறுப்புச் சைக்கிளில் எண்ணிப் பாருங்கள்: முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. கேரியரின் கால்கள் அச்சிலேயே நட்டுப் போட்டு நிற்பதால் எடை நேராகச் சக்கரத்தின் நடுவுக்கு இறங்கும். ஐரோப்பாவில் விற்கும் கேரியர்களில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று பொறித்தே கொடுப்பார்கள். 25 கிலோ என்பது அங்கே சாதாரணமாகக் காணும் எண். நம் கறுப்புச் சைக்கிளின் கேரியரில் எழுத்தும் கிடையாது எண்ணும் கிடையாது. ஒரு முழு மனிதன் உட்கார்ந்து வந்தாலும் அது முனகியதில்லை. என் வண்டி அட்லஸ். அந்தக் கம்பெனி 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்திலேயே, கடைசியாக இருந்த சாஹிபாபாத் ஆலையையும் மூடிவிட்டது. கேரியருக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

முழு மனிதன் என்றேனே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கேரியர் மேல் கூடையை முடுக்கிவிட்டால் அங்கே ஆள் உட்கார முடியாது. ஒரு கூடைக்கு நாம் கொடுக்கும் நிஜமான விலை இதுதான், கடைக்காரர் சொல்கிற விலை அதற்கு அப்புறம். பஸ் நிறுத்தம் வரைக்கும் மனைவியைக் கொண்டுபோய் விடுவது, மழைக்கு ஒதுங்கி நிற்கிற பள்ளிக்கூடத்துப் பையனை “ஏறிக்கோ தம்பி” என்று கூப்பிடுவது, கோயிலுக்கு நடந்துகொண்டிருக்கிற சித்தப்பாவை வழியில் ஏற்றிக்கொள்வது எல்லாம் நின்றுபோகும். மறுத்தோம் என்றுகூட இருக்காது. கூடை கட்டிய சைக்கிளை யாரும் கை காட்டி நிறுத்துவதே இல்லை. அதில் இடம் இல்லை என்பது தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பின்னால் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை முடுக்கிக்கொண்டபிறகு தனியாகவே போய்வந்துகொண்டிருக்கிறார். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்று அவரே குறைப்பட்டுக்கொள்கிறார், பெட்டியின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆளுக்கும் இடம் வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு சங்கதியைக் குறிப்பிடுகிறார். பல பெண்கள் லேடீஸ் சைக்கிளை விட்டுவிட்டு ஆண்கள் சைக்கிளையே கேட்டார்களாம், முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. என்னென்ன ஏற்ற வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. ஆளுக்கு இடம், சாமானுக்கு இடம் இரண்டும் ஒரே வண்டியில் வேண்டும் என்பதை அவர்கள் முதல் நாளே பார்த்துவிட்டார்கள்.

ஆகவே நான் மருமகனிடம் சொன்னது: கூடை கேரியர்மேல் வேண்டாம், பக்கவாட்டில் தொங்கட்டும், அதுவும் ஒரே பக்கம். வேண்டாதபோது மடித்துச் சக்கரத்தோடு ஒட்டிவைக்கிற மாதிரி. எடை கீழே இறங்கினால் வண்டி ஆடாது, பால்காரரின் கேன் தாழ்ந்து தொங்குவதும் அதனால்தான். வேட்டி கட்டியவன் பின்பக்கமாகக் காலைச் சுழற்றிப் போட்டுத்தான் ஏற வேண்டும். மேலே கூடை இருந்தால் அந்தக் கால் இன்னும் ஒரு முழம் உயர வேண்டும். இந்த வயதில் உயரமாட்டேன் என்கிறது.

எந்தப் பக்கம்? இங்கே மெக்கானிக்குக்கும் எனக்கும் தர்க்கம்.

“இடது பக்கம் மாட்டிடலாம் ஐயா. வலது பக்கம் கார் உரசிட்டுப் போவும்.”

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வரும் வண்டிகளை வைத்துப் பார்த்தால் அவர் பயம் நியாயமானது. ஆனால் புடவை கட்டிய பெண்கள் கேரியரில் இடது பக்கம் காலைப் போட்டுத்தான் உட்காருவார்கள். கூடை இடது பக்கம் என்றால் அவர்கள் காலை எங்கே வைப்பது? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனும் இடது பக்கம்தான் நடக்கிறான், கூடை தொடையில் இடித்துக்கொண்டே வரும். ஆக வலது பக்கம்தான். காருக்குப் பயந்தால், கூடை ஹேண்டில்பாரின் நுனியைத் தாண்டி வெளியே நீளாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஹேண்டில் நுழைகிற சந்தில் கூடையும் நுழையும். வலது பக்கம் செயின் கவர் இருக்கிறது, குதிகால் இடிக்கும் என்றார் மெக்கானிக். பழைய நீள வண்டியில் பெடலுக்கும் பின் அச்சுக்கும் நடுவே தாராளமாக இடம் உண்டு, கூடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டினால் இடிக்காது. புதுக் குட்டை வண்டிக்காரர்கள் வாங்குவதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டியை அந்த இடத்தில் கட்டி மிதித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

எதில் செய்த கூடை என்பதில் கடல்காற்று முடிவு சொல்கிறது. பளபளக்கும் குரோம் கம்பி எங்கள் ஊரில் ஒரு ஐப்பசி தாங்குவதே பெரிது. கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறை போட்டது பார்வைக்கு நன்றாயிருக்கும், ஆனால் உறை எங்கேயாவது கீறிவிட்டால் உப்பு உள்ளே புகுந்து மறைவாகத் தின்னும். ஒருநாள் கையில் அடிப்பாகம் கழன்று வரும். மூங்கில் கூடை அழகு, மழையில் பூசணம் பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக் சித்திரை வெயிலில் நொறுங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் அதுதான். நட்டும் போல்டும்கூட ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். கூடை நன்றாயிருந்து போல்டு துருப்பிடித்தால் கழற்ற ரம்பம்தான் வேண்டும். மூடி வைத்த பெட்டி வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கம் தனிக் காரணம் இருக்கிறது. நண்டலாறு தாண்டினால் தமிழ்நாடு, அங்கே சோதனைச்சாவடி. இங்கே மது பாட்டில் விலை குறைவு என்பது ஊரறிந்தது. மூடிய பெட்டி என்றால் திறந்து காட்டச் சொல்லலாம். கம்பிக்கூடையில் கத்தரிக்காய் தனக்குத் தானே சாட்சி.

முட்டை வாங்குகிறவர்கள் அடியில் ஒரு சாக்கை மடித்துப் போடவும். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது என்பதைக் கேரியரில் உட்கார்ந்து வந்த எவரும் சொல்வார்கள். பாரம் ஏற்றுவதென்றால் பெரிய ஸ்டாண்டு போட்டபிறகு ஏற்ற வேண்டும். ஒற்றைக்கால் ஸ்டாண்டை நம்பிக் கடைவாசலில் விட்டுப்போனால் வெங்காயத்தைத் தெருவில் பொறுக்கலாம்.

கூடை மாட்டிய வாரத்திலேயே தெருவில் சேதி பரவிவிட்டது. “மார்க்கெட் பக்கமா போறீங்களா? அப்படியே எனக்கும் ஒரு கால் கிலோ பச்சைமிளகா” என்று அடுத்த வீட்டு அண்ணி குரல் கொடுக்கிறார். எதிர்வீட்டு மாமிக்கு மருந்துச்சீட்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஓய்வுபெற்றவனிடம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தலையாட்டுவதில்லை, கேஸ் சிலிண்டர். உள்ளே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கம், உருளையாக இருப்பதால் டியூபுக்கும் கட்டுப்படாது. “உங்க சைக்கிள்தான் தாங்குமே” என்று அண்ணி விடுவதாயில்லை. சைக்கிள் தாங்கும் அண்ணி, அதைத் தூக்கி ஏற்றப் போகிறது சைக்கிள் இல்லையே.