வீட்டு வரியோட சேர்த்து நாம கட்டுற நூலகம்

உங்க வீட்டு வரியில நூலக வரியும் சேர்ந்திருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ரூபாய்க்கு 10 காசு. வருஷம் 2000 ரூபாய் வரின்னா அதுக்கு மேல 200 ரூபாய் நூலகத்துக்குப் போகுது. 1948-ல வந்த சென்னை பொது நூலகச் சட்டம்தான் இதுக்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவுல நூலகத்துக்குன்னு வந்த முதல் சட்டம் அது. வாடகை வீட்டுல இருக்கறவங்க சிரிக்க வேண்டாம், உங்க வாடகைக்குள்ளயும் அந்தக் காசு இருக்கு.

ஒரு டாக்டர் எதுக்கு நூலகத்தைப் பத்தி த்ரெட் போடறான்னு கேப்பீங்க. சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

வார்டுல 11 வயசுப் பையன் ஒருத்தன். டைப் 1 சர்க்கரை. உடம்புல இன்சுலின் சுரக்கறதே நின்னு போயிருச்சு, இனி ஆயுசு முழுக்க ஊசிதான். அப்பா மேலூர் பக்கம், லோடு ஏத்துற வேலை. நாங்க சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டார். மறுநாள் தயங்கித் தயங்கி வந்து, "சார், ஊசி போட்டா பழக்கமாயிரும், ஒரு கஷாயத்துல நிறுத்திரலாம்னு வீடியோல சொல்றாங்களே?"ன்னார். டைப் 1-ல இன்சுலினை நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து. அதை மறுபடி சொன்னேன். அதுக்கு அவர் கேட்டது: "நீங்க சொல்றது வீட்டுக்குப் போனா மறந்துருது சார். தமிழ்ல புஸ்தகம் ஏதும் இருக்கா? நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

கிளை நூலகத்துல கேட்டுப் பாருங்கண்ணேன்னு அனுப்பினேன். ஒரு வாரம் கழிச்சு ரிவ்யூக்கு வந்தவர், இருக்கற புத்தகம் எல்லாம் பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரை பத்திதான்னு சொன்னார். கூடவே, "ஆனா அங்க உக்காந்து படிக்கறதுக்கு நல்லா இருக்கு சார், ஃபேன் ஓடுது"ன்னார். அவர் பிறந்து வளர்ந்த ஊர்ப் பக்கத்து நூலகத்துக்குள்ள அவர் போனது அன்னிக்குத்தான் முதல் தடவை. ஊசி, தாழ்நிலை சர்க்கரை, ஸ்கூல்ல டீச்சர்கிட்ட என்ன சொல்லி வைக்கணும், இதை மட்டும் ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிஞ்சது.

மதுரைக்காரங்க உடனே கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைச் சொல்வீங்க. நானும் போயிருக்கேன். 2023 ஜூலை 15-ல திறந்தாங்க, புது நத்தம் ரோட்டுல, தரைத்தளத்துக்கு மேல ஆறு மாடி, 3 லட்சத்துக்கு மேல புத்தகம். பிரெயில் பிரிவு இருக்கு, குழந்தைகளுக்குன்னு தனி இடம் இருக்கு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய் உக்காந்து படிக்கவும் இடம் இருக்கு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்களைப் பார்க்கறப்ப மனசு நிறைஞ்சது. குறை சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அது போக முடிஞ்சவங்களுக்கான இடம். உசிலம்பட்டியில இருந்து சுமார் 40 கிலோமீட்டர். தொடை எலும்பு உடைஞ்சு வாரக்கணக்குல டிராக்‌ஷன்ல தொங்கறவனுக்கு, கோரிப்பாளையத்துல இருந்து கூட அது தூரம்தான்.

டயாலிசிஸை எடுத்துக்குங்க. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு தடவை. ஒரு கையை அசைக்கக் கூடாது. கண்ணும் இன்னொரு கையும் சும்மா இருக்கு. அந்த நேரம் முழுக்க ஃபோன்தான், அதுல பாதி கிட்னியைக் காப்பாத்தற மூலிகை வீடியோ. நான் வேலை பார்த்த ஓர் இடத்துல நோயாளிகளுக்குன்னு யாரோ கொடுத்த புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருந்துச்சு. தொலைஞ்சிரும்னு பூட்டி, சாவியை பத்திரமா வெச்சிருந்தாங்க! தொலைஞ்சா தொலையட்டுமே. ஒருத்தன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா அவன் வீட்டுல ஒரு புத்தகம் இருக்கும்.

கிருமி பரவாதான்னு சக டாக்டர்கள் கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ஐ.சி.யூ., தீக்காய வார்டு, காசநோய் வார்டு எல்லாம் வேண்டாம். மத்த இடங்கள்ல கை கழுவிட்டுத் தொடுங்கன்னு சொன்னாப் போதும். அதே வார்டுல அதே நோட்டுக்காசும் டீ கிளாசும் கை மாறிக்கிட்டுத்தானே இருக்கு.

நூலகம் ஆளைத் தேடிப் போகணும்ங்கறது புது யோசனை இல்ல. 1931 அக்டோபர் 21, மன்னார்குடி. ஓய்வு பெற்ற இன்ஜினியர் கனகசபை பிள்ளை ஒரு மாட்டு வண்டியில புத்தகம் அடுக்கி கிராமங்களுக்கு அனுப்பினார். தொடங்கி வெச்சது எஸ்.ஆர்.ரங்கநாதன், நம்ம சீர்காழிக்காரர். அவரோட நூலக விதிகள் அஞ்சுல ஒண்ணு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டுங்கறது. பீரோவுக்குள்ள இருக்கற புத்தகத்துக்கும் இது சேர்த்துத்தான்.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்ப எங்கள்ல பலருக்கு சந்தேகம் இருந்துச்சு. இன்னிக்கு பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்குப் போகுது. புத்தகத்துக்கும் அதே மாதிரி ஒரு திட்டம் இருக்கு, யாருக்கும் தெரியல: நூலக நண்பர்கள் திட்டம். நூலகத்துக்கு வர முடியாத முதியவங்க, மாற்றுத்திறனாளிகள், உடம்பு முடியாதவங்களுக்கு தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கறது. ரிட்டயர் ஆனவங்க, காலேஜ் பிள்ளைங்க யாரு வேணா கிளை நூலகத்துல போய் இதுக்குப் பேர் கொடுக்கறது எப்படின்னு கேளுங்க. ஆயிரம் ரூபாய் கொடுத்தா நூலகப் புரவலர் ஆகலாம், அதுவும் உண்டு. ஆனா நான் பணத்தை விட ஆள்தான் கேப்பேன்.

கிராமத்துக்காரங்களுக்கு ஒண்ணு. 2006-ல ஆரம்பிச்ச அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிகள்ல நூலகக் கட்டடம் கட்டினாங்க. பல ஊர்ல அது இப்ப பூட்டிக் கிடக்கு, இல்ல ரேஷன் மூட்டை இருக்கு. அது நூலகத் துறை கையில இல்ல, உங்க ஊராட்சி கையில இருக்கு. அதனால மனு எங்க கொடுக்கறதுன்னு அலைய வேண்டாம், கிராம சபையில எந்திரிச்சுக் கேக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு தடவை வாய்ப்பு.

டாக்டர் நண்பர்களுக்கு: கிளை நூலகங்கள்ல வாசகர் வட்டம்னு ஒண்ணு நடக்கும். பேச ஆள் கிடைக்காம நூலகர் தவிச்சுக்கிட்டு இருப்பார். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், பி.பி. மெஷினையும் எடுத்துட்டுப் போங்க. டைப் 1 பத்தி நான் எழுதின அந்த ரெண்டு பக்கத்தை கீழ படமா போடறேன். பிரிண்ட் எடுத்து உங்க ஏரியா நூலகத்துல கொடுங்க. தப்பு இருந்தா குழந்தை நல மருத்துவர்கள் திருத்துங்க, மாத்திப் போடறேன்.