வாங்காததற்கும் காரணம் உண்டு

பாகூர்

அன்பு மகளுக்கு,

நம் வீட்டில் ஏன் சில கம்பெனிகளின் பொருட்களை வாங்குவதில்லை என்று போனில் கேட்டாய். அடுப்பு வேலை அவசரத்தில் "அது அப்படித்தான் கண்ணு" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். அது பதிலாகாது. வாங்க மாட்டேன் என்று சொல்கிறவர்தான் ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதிலும் பாரிஸ் பக்கம் வளர்ந்த பிள்ளைக்குக் கொடைக்கானல் எங்கே, பிளாச்சிமடை எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

இது நம் வீட்டில் பிறந்த வழக்கம் இல்லை. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, ஆக 10 லட்சம் ரூபாய் முதலீடு என்பது திட்டம். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கொழும்பு வழியைத் தன் பிடியில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. அதற்கும் ஜனங்கள் மசியவில்லை என்றதும் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது. அந்த இலவசத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. 1908 பிப்ரவரியில் அதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை இழிவாகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். வ.உ.சி. வரலாற்றை எழுதியவர்கள் விடாமல் சொல்லும் சம்பவம் இது. அந்த மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்துபோனது. காலியா கப்பல் கடைசியில் எதிராளிக் கம்பெனிக்கே விலைபோனது.

அதே 1908இல்தான் பாரதி பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி நம் புதுச்சேரிக்கு வந்தார். 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து அச்சாகி எல்லை தாண்டிப் போனது. அந்நியத் துணி, அந்நியக் கப்பல், அந்நியச் சர்க்கரை எதுவும் வேண்டாம் என்ற பேச்சு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்த மண்ணில் அச்சுக்கோத்து எழுதப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ படிக்கிற பாடப்புத்தகத்தில் அது இருக்காது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் இறந்தார்கள். வ.சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. வில்லியனூர் பக்கத்திலிருந்து மில்லுக்கு நடந்தே போய்வந்த குடும்பங்களில் அந்த ஜூலை 30 இன்றும் பேசப்படும். ஒரு கம்பெனியைப் பார்க்கும்போது, அதன் பொருளுக்கு முன்னால் அதில் வேலை செய்கிறவர்களைப் பார்க்க நம் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மில் வாசல்தான் என்பேன்.

இனி, நீ கேட்ட பொருட்களுக்கு வருகிறேன். முதலில் சோப்பு; அதன் கதை ஒரு தெர்மாமீட்டர் ஆலையில் தொடங்குகிறது.

கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலையின் இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து பாண்ட்ஸ் கம்பெனி 1983இல் இங்கே நிறுவியது. 1987இல் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. கொடைக்கானலில் தங்கியது கூலியும் கழிவும் மட்டுமே.

பாதரசம் எப்படிப்பட்ட சாமான் என்று உனக்குத் தெரிய வேண்டும். வெள்ளி முத்துபோல் உருளும், பார்க்க அழகாக இருக்கும். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினால் ஒரு துளி நூறு பொடித்துளியாகச் சிதறி, இன்னும் வேகமாக ஆவியாகும். மலையிலிருந்து மழைநீரோடு இறங்கினால் சேற்றில் வேறு வடிவம் எடுத்து மீனுக்குள் போகும், மீனிலிருந்து மனிதனுக்கு வரும். பாம்பார் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. கும்பக்கரை அருவியில் ஜனங்கள் குளிக்கிறார்கள்.

2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் சேர்ந்து ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எடை 7.4 டன். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. விதிக்கு மாறாகக் கழிவு வெளியே விற்கப்பட்டதைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால் தொழிலாளர்களின் உடல்நலம் அதனால் கெடவில்லை என்பதில் அது உறுதியாக நின்றது. சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், கருச்சிதைவு என்று தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் சொன்னது வேறு. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி, வந்த நாட்டுக்கே திரும்பிப் போனது. தொழிலாளர்கள் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார்கள். 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டில் இந்தக் கதையைச் சொல்ல, உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில், ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து, 591 முன்னாள் தொழிலாளர்களுக்குத் தொகை தரக் கம்பெனி உடன்பட்டது. அதுவும் மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றுதான் சொன்னது.

நம் வீட்டில் இந்தக் கம்பெனிப் பொருட்கள் நின்றது இதனால்தான். பெரியம்மாவுக்கு லேசான முடிவு இல்லை அது. அவளுக்கு ஹமாம் சோப்புதான் பழக்கம். அது டாடா எண்ணெய் ஆலையின் சோப்பாக இருந்து, 1990களில் அந்தக் கம்பெனி லீவரோடு இணைந்தபோது கைமாறியது. ஹார்லிக்ஸ் 2020இல் அதே கம்பெனிக்குள் வந்தது. ரின், விம், கிளினிக் பிளஸ், புரூ என்று எடுத்துப் பார்த்தால் ஒரு மளிகைக் கடையின் பாதி அலமாரி காலியாகிவிடும். குளிக்கப் பயத்தம்மாவு, தலைக்குச் சீயக்காய், துணிக்குப் பொன்வண்டு என்று மாறிக்கொண்டோம். சமரசம் முடிந்த பிறகும் ஏன் பிடிவாதம் என்று உன் அப்பா கேட்பான். ஆலை இருந்த மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் தங்கலாம் என்ற அளவை வைத்துத்தான் சுத்திகரிப்புக்கு வழி செய்யப்பட்டது. ஒரு சோலைக்காட்டுக்கு மேலே அது போதாது என்று சூழலியலாளர்கள் வாதிட்டார்கள். எனக்கும் அவர்கள் பேச்சே நியாயமாகப் படுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் வடமங்கலம். அங்கே அதே லீவரின், இன்றைய இந்துஸ்தான் யூனிலீவரின், பெரிய ஆலை இருக்கிறது. வில்லியனூர் கொம்யூனில் அந்த வேலையை நம்பி அடுப்பெரிகிற வீடுகள் உண்டு. நம் உறவுக்காரர்களே உண்டு. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது இந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. எடுக்கவும் கூடாது. சம்பளத்துக்காக ஆலை வாசலில் நிற்கிறவனைக் குற்றவாளியாக்கும் புறக்கணிப்பு கெட்ட புறக்கணிப்பு. கொடைக்கானலில் பாதரசத்தைச் சுமந்தவர்களும் சம்பளத்துக்காக வாசலில் நின்றவர்கள்தானே.

அடுத்தது குளிர்பானம். இதற்குக் காரணம் தண்ணீர். பாகூரில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து நம் ஏரி நிறைகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி இது. இதை நம்பித்தான் பாகூரை நெற்களஞ்சியம் என்கிறார்கள். புதுச்சேரியின் 84 ஏரிகளையும் சீர்படுத்த ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் ஒரு திட்டம் நடந்தது. ஆனாலும் போர்வெல் வந்தபிறகு ஏரியை மறந்து பூமியைத் துளைப்பது வழக்கமாகிவிட்டது. கடற்கரைப் பக்கம் நன்னீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்கு உப்புநீர் ஏறி வருகிறது. கிருமாம்பாக்கம் பக்கம் கேட்டுப்பார், முன்பு இனித்த கிணறு இன்று கரிக்கிறது என்பார்கள்.

பாலக்காட்டுக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் அங்கே கோக்க கோலா ஆலை வந்தது. சீக்கிரமே சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் இறங்கியது, தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் லாயக்கில்லாமல் போனது. அரிசி வேகவில்லை, பருப்பு வேகவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் சமையலறையில் நின்ற பெண்கள். 2002 ஏப்ரலில் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவலாளி மட்டுமே என்று 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பு எழுதினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினாலும் ஆலை மறுபடி ஓடவில்லை. 2010இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதாவைக் கேரளச் சட்டசபை 2011இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே இறந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் தெருக்கடைக்கு வந்தது 2017இல். அந்த ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய பிள்ளைகள் கோக், பெப்சி வேண்டாம் என்றும் குரல் கொடுத்தார்கள். வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் வணிகர் பேரவையும் மார்ச் 1 முதல் அவற்றை விற்பதில்லை என்று அறிவித்தன. தாமிரபரணியிலிருந்து கங்கைகொண்டானில் உள்ள அவற்றின் ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளை முந்தைய நவம்பரில் போட்டிருந்த தடை, மறுநாள் மார்ச் 2 அன்று நீங்கியது. அந்தக் கோடையில் விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவோன்டோ, பன்னீர் சோடா, கோலி சோடா எல்லாம் மறுபடி முன்வரிசைக்கு வந்தன. கொஞ்ச மாதத்தில் பழைய பாட்டில்களும் மெல்லத் திரும்பின. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் கேட்டால் அவர் என்ன செய்வார்? கேட்காமல் இருக்க வேண்டியது நாம்தான்.

பொவோன்டோவும் தண்ணீரும் சர்க்கரையும்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நம் வீட்டில் அன்றாடம் நீர்மோர், நன்னாரி சர்பத். பாட்டில் விசேஷத்துக்கு மட்டும். தம்ஸ் அப், லிம்கா, மாசா மூன்றும் நம் ஊர்ப் பெயர்போல ஒலித்தாலும் கோக்க கோலாவுடையவை என்பதை மட்டும் நினைவில் வை.

உங்கள் நாட்டுக்கும் இது புதிதில்லை. 2001இல் தானோன் கம்பெனி கலே, ரிஸ் ஓராஞ்ஜி ஊர்களில் இருந்த லூ பிஸ்கட் ஆலைகளை மூடப்போகிறோம் என்றபோது, பிரான்சு முழுக்க அந்தக் கம்பெனியின் தயிர்க் கிண்ணத்தைக்கூடத் தொடமாட்டோம் என்று ஜனங்கள் கிளம்பினார்கள். ஓராஞ்ஜி நீ இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் போகிற தூரம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வாங்காமல் விடுவது தீர்வில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். திண்டுக்கல் பக்கத்தில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை செய்த ஒரு இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் குற்றம்சாட்டப்பட்டார். அங்கே பெண்கள் அனுபவித்த பாலியல் தொந்தரவு அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. துணி வாங்கிய பெரிய பிராண்டுகள் கைகழுவிவிட்டுப் போயிருந்தால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போயிருக்கும், தொந்தரவு செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் வேறு வழி கேட்டது. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவை கட்டுப்பட்டன. புகார் வந்து ஆலை சரிசெய்யாவிட்டால் அந்த பிராண்டுகள் ஆர்டரை நிறுத்தியாக வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. அடிபட்டவர்கள் 'வாங்காதீர்கள்' என்றால் வாங்காமல் இரு. 'எங்களுக்காகக் கேளுங்கள்' என்றால் கேள். அவர்களை விசாரிக்காமல் நாமே முடிவெடுக்கக் கூடாது. நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

அதனால் உனக்கு என் வீட்டு விதிகளை அனுப்பவில்லை. பயத்தம்மாவு தேய்த்துக் குளி என்றும் சொல்லவில்லை. நீ அடிக்கடி போகிற துணிக்கடையில் சட்டையின் உள்தையலில் இருக்கும் சீட்டைப் பார். இந்தியா என்று போட்டிருந்தால் திருப்பூர், திண்டுக்கல் பக்கம் தைத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எந்த ஆலையில் தைத்தது, திண்டுக்கல் ஒப்பந்தம் போன்ற ஒன்று அங்கே நடப்பில் இருக்கிறதா என்று கம்பெனிக்கு உன் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுது. வாங்குகிறவர் கேட்டால் பதில் சொல்வது அவர்கள் கடமை. பதில் வந்ததும் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு.

உன் பெரியப்பா