நிழலில் நடக்க ஓர் இடம்

ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ, 1783-ஆம் ஆண்டளவில் இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். மூல ஓவியம் நியூயார்க்கின் ஃபிரிக் காட்சியகத்தில் உள்ளது. அதன் அச்சுப்படியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நெடிய மரங்கள் கவிந்து நிற்க, நடுவே செல்லும் பாதையில் பெண்கள் குழுக்குழுவாய் உலவுகின்றனர். ஆடைகளும் இலைகளும் ஒரே காற்றில் அசைவதுபோல் தூரிகை ஓடியிருக்கிறது. இன்னார் என்று சொல்லத்தக்க முகங்கள் இல்லை. அச்சமற்ற அந்த நடையே கண்ணில் நிற்கிறது.

அது அரசருக்குரிய பூங்கா. 1660-இல் ஆட்சிக்கு மீண்ட இரண்டாம் சார்லஸ் அதனைச் சீர்ப்படுத்தி மக்களுக்குத் திறந்துவிட்டார். அங்கே பசுக்கள் மேய்ந்தன. உலாவ வந்தோர் அவ்விடத்திலேயே பால் வாங்கிப் பருகினர். பெயரிலேயே ஆவைக் கொண்ட ஆவூரில் வாழும் எனக்கு இச்செய்தி தனி இன்பம் தருகிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஹைதர் அலி 1760-இல் பெங்களூரில் தொடங்கிய லால்பாக்கைத் திப்பு சுல்தான் வளர்த்தார். மன்னர் தோட்டமாயிருந்த அது, 1856-இல் அரசின் தாவரவியல் தோட்டமாயிற்று. இன்று எல்லோரும் உலவும் பூங்காவாக விளங்குகிறது.

தோட்டத்தைக் குறிக்கும் ‘ஜன்னத்’ என்னும் அரபுச் சொல்லின் வேர், மறைத்தல் என்று பொருள்படும். கருவறையில் மறைந்திருக்கும் சிசுவுக்கு ‘ஜனீன்’ என்னும் பெயரும் அவ்வேரினின்றே வந்தது. தமிழிலோ ‘கா’ என்றால் சோலை. ‘கா’ என்றால் காப்பாற்று என்றும் பொருள். மறைவும் காவலும் தருவதே தோட்டம் என்று இவ்விரு மொழிகளும் எனக்குச் சொல்கின்றன.

அத்தகைய இடம் நம் பெண்மக்களுக்கு எங்கே இருக்கிறது? என் வீட்டாருக்கு நீரிழிவு. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவேண்டும் என்றார் மருத்துவர். சாலையோரம் நடந்தால் லாரிகள் உரசிச் செல்கின்றன. தேநீர்க் கடை முன் ஆடவர் கூட்டத்தைக் கடக்க அவருக்குக் கூச்சம். ஆகவே மொட்டை மாடியில், வெயில் தணிந்தபின், பத்தடி சென்று பத்தடி திரும்புகிறார். நம் இல்லங்கள் பலவற்றில் இதுவே நிலை.

பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் மனமுவந்து மனை வழங்கும் நம் பெரியோர், மரங்கள் சூழ்ந்த ஒரு நடைபாதைக்கும் சிறிது நிலம் ஒதுக்கலாகாதா? ஒருவர் நட்ட மரத்தின் கனியைப் பறவை தின்றாலும் அது அவருக்குத் தருமமாகும் என்று நபிமொழி கற்பிக்கிறது. அம்மரத்தின் நிழலில் நம் தாய்மாரும் சகோதரிகளும் அச்சமின்றி நடந்தால், அத்தருமம் குறைந்தா போய்விடும்?