தட்டாத எஞ்சின்

எங்கள் ஊர் வேலணை. பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துக்குள் வருபவர் ஊர்காவற்றுறைக்குப் போவதாயினும், குறிகட்டுவானுக்குச் சென்று நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவதாயினும் எங்கள் ஊரைத் தொட்டே செல்லவேண்டும். அந்தத் தெருவோரத்தில், கிடுகால் வேய்ந்த கொட்டில் ஒன்றில், என் தாய்மாமன் எஞ்சின் திருத்தி வந்தார். படகு எஞ்சின், நீரிறைக்கும் இயந்திரம், கார் என்ற பேதம் அவருக்கு இருந்ததில்லை. கொட்டிலின் ஒரு மூலையில் அவருடைய சொந்த வாகனமான மோறிஸ் மைனர் நின்றது. நான் நடை பயின்றதும் அதன் மட்காட்டைப் பிடித்துத்தான் என்று அம்மா சொல்வதுண்டு.

1956இல் சந்தைக்கு வந்த மோறிஸ் மைனர் 1000 வகையைச் சேர்ந்தது அது. எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். வலு 37 பரிவலு. பேராதனையிற் பொறியியல் படிக்கச் சென்ற பின்னர், அந்த எஞ்சினின் குலவரலாற்றை நூலகத்தில் அறிந்துகொண்டேன். அதே குடும்பத்தின் பிந்திய வழித்தோன்றலை, 1275 கன சென்ரிமீற்றருக்கு விரித்து, டேர்போ பூட்டி, 1982இல் எம்.ஜி. மெற்றோ என்னும் சிறு காரில் வைத்தார்கள். அது 93 பரிவலு தந்தது. எங்கள் கொட்டில் மூலையில் நிற்கும் கிழவனின் பேரன், கிழவனைப்போல இரண்டரை மடங்கு வலுவுடையவன்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

டேர்போவின் தத்துவம் எளிமையானது. எஞ்சினுக்குள் எரிபொருளை அதிகம் ஊற்றுவது எவர்க்கும் கூடும். அதை எரிப்பதற்கு வேண்டிய வளியை அதிகம் புகுத்துவதே அரிது. புகைக்குழாய் வழியே வீணே வெளியேறும் வெப்ப வாயுவின் பாதையில் ஒரு சுழலியை வைத்து, அதன் அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வளியை நெருக்கி உருளைகளுக்குள் தள்ளுமாறு செய்தல் வேண்டும். நிமிடத்துக்கு ஓரிலட்சம் தடவைக்கு மேலும் அந்த அச்சுச் சுழலும். அல்பிரட் பூக்கி என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கார்களுக்கு அது 1962இல் அமெரிக்காவில் வந்தது. 1977இல் ரெனோ நிறுவனம் ஒன்றரை லீற்றர் டேர்போ எஞ்சினொன்றைப் போர்முலா 1 பந்தயத்தில் இறக்கியது. அந்தக் கார் இடைவழியில் ஆவி கக்கி நின்றுவிடுவதைக் கண்டு, மஞ்சள் தேநீர்க்கேத்தல் என்று எள்ளி நகைத்தார்கள். ஆறே ஆண்டுகளில், 1983இல், பி.எம்.டபிள்யூ. டேர்போ பூட்டிய பிரபாம் காரில் நெல்சன் பிக்கே உலக வாகையரானார். அந்த எஞ்சினின் உடல் 1960களின் தொடக்கத்தில் சாதாரணக் குடும்பக் காருக்கென வார்க்கப்பட்ட வார்ப்பிரும்பு உடலின் வழிவந்தது என்பது என் ஆசைக்கு மேலும் நெய் வார்த்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்து இவற்றையெல்லாம் மாமாவிடம் மூச்சுவிடாமற் சொல்லி முடித்தேன். கையிலிருந்த பிளக்கைத் துடைத்தபடி கேட்டிருந்தவர், "தட்டாதோ தம்பி?" என்று மட்டும் வினவினார்.

டேர்போ பற்றி ஒரு வரியும் படித்தறியாதவர் அவர். ஆனால் அந்தத் துறையின் தலையாய வினா அதுவே. நெருக்கப்பட்ட வளி சூடேறும். சூடேறிய கலவை, பிளக்கின் பொறியிலிருந்து சுவாலை வந்து சேரும்வரை காத்திராது, உருளையின் ஒதுக்கத்தில் தானாகவே வெடிக்கும். அவ்வெடிப்பின் ஓசைதான் தட்டல். சுத்தியலால் அடிப்பதுபோல முசலத்தின் தலையில் அடி விழும். அடி தொடர்ந்தால் முசலம் உருகித் துளைபடும். ஆகவே டேர்போ எஞ்சினை ஆக்குபவனின் அறிவு, வளியை எவ்வளவு திணிப்பது என்பதிலன்றி, எவ்விடத்தில் நிறுத்துவது என்பதிலேயே இருக்கிறது.

மாமாவுக்கு அந்த அறிவு மண்ணெண்ணெய் தந்தது. 1990இல் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்து நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல் மருந்துபோற் போத்தலில் விற்கப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின்களும் மோறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போலத் தட்டலைத் தாங்காது. எனவே மாமா தலைப்பாகத்தின் கீழ் ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கற் வைத்து நெருக்கல் விகிதத்தைக் குறைத்தார். எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அதனால் எஞ்சின் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடும். காலைதோறும் ஒயிற்கம்பியை இழுத்து முகர்ந்து பார்ப்பார். ஒயில் கூடியிருப்பதைக் கண்டு கவலைப்பட்ட மனிதர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. எஞ்சினை நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிடுவார். இல்லையேல் மறுமுறை கிளம்பாது.

ஷெல் ஒன்றின் அதிர்ச்சியில் அவருடைய வலக்காது செவிடாயிற்று. அதன் பின் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் கன்னத்து எலும்பில் வைத்துத் தட்டலைக் கேட்டார். காது உள்ளவர்களைவிட அவருக்கே அது முதலிற் கேட்டது.

1995 ஒக்டோபர் 30 இரவை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. எங்கள் மோறிஸின் பின்னிருக்கையில் அம்மம்மாவும், பிள்ளை பெற்று ஒன்பது நாளான அயல்வீட்டுப் பெண்ணும் இருந்தார்கள். நான் மாமாவின் அருகில் பெற்றோற் போத்தலை மடியில் வைத்திருந்தேன். கால்நடையிலும் மெதுவாகவே கார் நகர்ந்தது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு வேகம் கெடுதியன்று; தாமதமே கெடுதி. சூடு தணிந்தால் பிளக் நனைந்து கரி பிடிக்கும். நின்றுவிட்டால் அந்தச் சனத்திரளுக்குள் தள்ளிக் கிளப்பவும் இடமில்லை. எஞ்சின் மூச்சுத்திணறும் ஒவ்வொரு முறையும் மாமா கையை நீட்டுவார், போத்தலைக் கொடுப்பேன். விடியும்வரை எஞ்சின் நிற்கவில்லை. போத்தலில் இரண்டு விரல் அளவு மிஞ்சியிருந்தது. சாவகச்சேரியில் இறங்கிய அம்மம்மா காரின் முகப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் கண்டிருந்தும், 2004இல், புத்தகத்தை நம்பி அந்த எஞ்சினையே கழற்றினேன். மாமா தடுக்கவில்லை. இரண்டரை லீற்றர் டீசல் வான் ஒன்றின் பழைய டேர்போ பழைய இரும்புக் கடையிற் கிடைத்தது. புகைக்குழாயை ஒட்டுவேலை செய்து பொருத்தினேன். இலேசாக்குவது என்பது என் இரண்டாவது வெறி. எஞ்சினின் பின்புறம் சுழலும் கனத்த இரும்புச் சக்கரமான பிளைவீலைப் பட்டணத்துக் கடைசற் பட்டறைக்குக் கொண்டுசென்று இறாத்தற் கணக்கில் சீவினேன். கனம் குறைந்தால் எஞ்சின் விரைந்து வேகமெடுக்கும் என்பது உண்மையே. மாமா சீவிய இரும்புச் சுருளை எடுத்துப் பார்த்து, "அண்டைக்கு ராத்திரி இதுதான் எங்களைக் கொண்டுபோனது" என்றார். மெதுவாக ஓடும் எஞ்சினை அடுத்த வெடிப்புவரை சுழற்றிச் செல்வது அந்தக் கனந்தான் என்பதை நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவன். ஆயினும் அந்தச் சுருளை அவர் கையிற் கண்ட பின்பே அது எனக்கு விளங்கிற்று.

இலேசு என்பதற்கு எங்கள் கரையில் வேறொரு பொருளும் உண்டு. தோளிற் சுமந்து கரையேற்றக்கூடிய எஞ்சினே மீனவனுக்கு இலேசான எஞ்சின். போர்க்காலத்தில் அவனுடைய எஞ்சினின் பரிவலுவுக்கும் எல்லை விதிக்கப்பட்டிருந்தது; கூடிய வலு என்பது சட்டப்படி குற்றம். அந்த வெளியிணைப்பு எஞ்சின்கள் இன்றும் மண்ணெண்ணெயைக் குடிப்பவை. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு விலை ஏறியபோது, குறிகட்டுவான் இறங்குதுறையருகே படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன்.

என் முதல் முயற்சி அராலிச் சந்தியைத் தாண்டவில்லை. டேர்போ தள்ளிய வளியின் அமுக்கம், பெற்றோற் பம்பின் அமுக்கத்தைவிடக் கூடியிருந்தது. வலு வேண்டிய அந்தக் கணத்திலேயே பெற்றோல் குறைந்தது. கலவை மெலிந்து கொதித்தது. மாமா என் தோளைத் தட்டி, "காலை எடு, காலை எடு" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை; டேர்போவின் ஊளையில் மயங்கியிருந்தேன். மூன்றாம் உருளையின் முசலத்தில் சுண்டுவிரல் நுழையும் துளை. பதினொரு வருடம் மண்ணெண்ணெய் குடித்தும் பழுதுபடாத எஞ்சினை நான் பதினொரு நிமிடத்திற் கெடுத்தேன். மாமா ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கினோம்; இம்முறை இருவருமாக. வலுக்கூடிய பம்பு ஒன்று தேடிப் பூட்டினோம். காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்துக்கும் டேர்போவின் அமுக்கமே செல்லுமாறு ஒரு குழாய் வைத்தோம். கஸ்கற் மீண்டும் இரண்டாயிற்று. வேறொரு மோறிஸின் சீவாத பிளைவீலை மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தார். அமுக்கம் எவ்வளவு என்று கேட்டார். வளிமண்டல அமுக்கத்தின் மூன்றிலொரு பங்கு மேலதிகமாக என்றேன். "காற்பங்கு காணும்" என்றார். காற்பங்குடன் நிறுத்தினோம்.

புங்குடுதீவுக்குப் போகும் கடல்நடுப் பாதையில் அதை ஓட்டினேன். டேர்போ எங்கள் எஞ்சினுக்குப் பெரிது. ஆதலால் முதலில் ஒன்றும் நிகழாது. பிறகு எவரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருக்கும். இருபுறமும் கடல், எதிர்க்காற்று, பழைய கார் முன்னே பாய்கிறது. அந்தச் சுகத்தைப் பொய்யென்று சொல்லமாட்டேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை, சோதனைச்சாவடி வந்துவிட்டது. அங்கே பேருந்தொன்றின் பின்னால் இருபது நிமிடம் எஞ்சினை நிறுத்தாமற் காத்து நின்றோம். கனத்த சக்கரம் ஒரே சீராகச் சுழன்றது. மாமா இறங்கி, முன்மூடியைத் திறந்து, திருப்புளியை ஊன்றிக் கன்னத்தை வைத்துக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு மீண்டும் ஏறிக்கொண்டார்.

குறிகட்டுவானை அடைந்ததும் நான் சாவியைத் திருப்பப் போனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடனை நிப்பாட்டாதை. கொஞ்சம் ஓடட்டும்."

டேர்போவின் அச்சுக்கு ஒயில் ஓடிச் சூடு தணியுமுன் எஞ்சினை நிறுத்தினால், அச்சைத் தாங்கும் இடத்தில் ஒயில் கருகிப் பிடித்துவிடும். அதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நயினாதீவுக்குச் செல்லும் படகு கயிறவிழ்த்துப் புறப்படும்வரை எஞ்சினை ஓடவிட்டபடி இருவரும் உள்ளே இருந்தோம்.