எண்டோர் நிலாவும் ஸ்ரீரங்கமும்

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1983-ல் வந்த படம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்'. அதில் எண்டோர் என்று ஒரு காட்டு நிலா. தங்கத்துக்காக யாரும் அங்கே போகவில்லை. வானத்தில் மிதக்கும் டெத் ஸ்டாரைக் காக்கிற கவசக் கருவி அங்கேதான் இருக்கிறது. அதனால் பேரரசும் விடாது, புரட்சிக்காரர்களும் விடமாட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த, குட்டிக் கரடி மாதிரியான இவோக்குகளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சினிமாதானே என்று சிரிப்பவர்கள் மன்னார்புரத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வரை ஒருதரம் போய் வரலாம். 1752-ல் அங்கே கிட்டத்தட்ட இதே கதை நடந்திருக்கிறது.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ளே. முற்றுகை போட்ட சந்தா சாகிப் வெளியே. முன்னவருக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை, பின்னவருக்குப் பிரெஞ்சுக் கம்பெனி. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தும் பிரான்சும் 1748-லேயே சமாதானம் செய்துகொண்டுவிட்டன! ஆக, இங்கே மோதிக்கொண்டவை இரண்டு வியாபாரக் கம்பெனிகள். பி.காம். பாடத்தில் கூட்டுப்பங்கு நிறுவனம் என்று வருமே, அதேதான். பீரங்கி மட்டும் எக்ஸ்ட்ரா :-)

1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததும் நிலைமை மாறியது. மறுவருஷம் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர, பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் ஒதுங்கினார். ஒருபக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே கோயில் மதில்கள். இதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

ஆனால் தீவானாலும் நிலாவானாலும் தொல்லை ஒன்றுதான். படைக்கு வேண்டியது வெளியிலிருந்து வர வேண்டும். கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பாண்டிச்சேரி வழியை அடைத்தார். அங்கிருந்து கிளம்பிய உதவிப்படை பாதி வழியிலேயே சரணடைந்தது. ஜூன் மாதம் லாவும் சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிப் தலையை இழந்தார்.

அதோடு முடிந்ததா? இல்லை. உதவிக்கு விலையாகத் திருச்சியையே தருவதாக மைசூர்க்காரர்களிடம் சொல்லியிருந்த முகமது அலி, ஜெயித்ததும் கையை விரித்துவிட்டார். மைசூர்ப் படை கோபத்தில் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. மறுபடி ஸ்ரீரங்கத்தில் முகாம். 1753-ல் சண்டை பொன்மலைப் பாறை வரை வந்தது.

படத்தின் முடிவில் இவோக்குகள் ஆடிப் பாடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் யார் ஆடியிருப்பார்கள்? புத்தகங்களில் லா, லாரன்ஸ், கிளைவ் எல்லோர் பேரும் இருக்கிறது. கோயில் வாசலில் பூ விற்றவர் பேர் இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு. சண்டைச் செலவைக் கம்பெனி முகமது அலியின் பற்றில் எழுதியது. அவர் கடனுக்கு நிலவரியைக் காட்டினார். அந்த வரியைக் கட்டியது? காவிரிக் கரையில் நாற்று நட்டவர்கள். கவசமும் அவர்களுடையதில்லை, டெத் ஸ்டாரும் அவர்களுடையதில்லை. பில் மட்டும் அவர்களுக்கு.

அடுத்த தடவை அந்தப் படம் டிவியில் வந்தால், வெடிக்கிற கப்பல்களை விட்டுவிட்டு மரத்தடியில் நிற்கும் இவோக்குகளைக் கொஞ்சம் பாருங்கள்.